எரிமலை நிழலில் தமிழ்ப் பெயர்கள்

கோலாலம்பூரிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அக்கோடு கிள்ளானுக்கு வடக்கேயுள்ள காப்பார் வழியாகக் கடலில் இறங்கி, மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடபகுதியில் சினாபுங் என்னும் எரிமலையின்மேல் சென்று முட்டும். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 365 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் சாலையின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. பினாங்கை அறியாத தமிழ் மாணவர் நம் நாட்டில் அரியர். சினாபுங்கை அறிந்தவரோ அதனினும் அரியர்.

அம்மலையின் அடிவாரத்தில் வாழும் மக்களிடையே சோலியா, பண்டியா, பெலாவி, மெலியாலா, பிரம்மானா என்னும் குலப்பெயர்கள் இன்றளவும் வழங்குகின்றன. இப்பெயர்களைச் செவிமடுக்கும் தமிழர் திடுக்கிடுவது இயல்பு. சோழரும் பாண்டியரும் பல்லவரும் தீ உமிழும் மலையின் மடியில் பெயராக வாழ்வது எவ்வாறு? பெயர் வாழ, மொழி மட்டும் மாண்டது எதனால்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் இயல்பு

தமிழர் நிலத்தை ஐந்து திணையாக வகுத்தனர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப்பட்டன. அருவி, தேன், தினைப்புனம், வேலன் ஆகியவை குறிஞ்சியின் அடையாளங்கள். தீயைக் கக்கும் மலைக்கு அத்திணையில் இடமில்லை; தமிழகத்தில் அத்தகைய மலை இல்லாமையே காரணம். மலாயாவுக்கு வந்த தமிழர் கண்டதும் அமைதியான மலைகளையே. 1892ஆம் ஆண்டுமுதல் தைப்பூசம் கொண்டாடப்படும் பத்துமலை, பன்னெடுங்காலத்துக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லால் ஆனது. 272 படிகளையும் ஏறி முருகனை வழிபடுவோர், காலடியில் பாறை கொதிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணவேண்டிய தேவையும் இல்லை.

நீரிணையின் இக்கரை குளிர்ந்திருக்க அக்கரை கொதிப்பது ஏன்? இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு, சுமத்திராவின் மேற்கேயுள்ள ஆழ்கடற் பள்ளத்தில் அத்தீவின் அடியிலே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, அத்தட்டு தன்னுள் அடக்கிய நீரை வெளியிடுகிறது. அந்நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. உருகிய பாறைக்குழம்பு வெடிப்புகளின் வழியே மேலெழுகிறது. இவ்வாறு எழுந்த எரிமலைகளின் வரிசையே, சுமத்திராவின் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கும் பாரிசான் மலைத்தொடரிற் காணப்படுவது. மலாயாத் தீபகற்பமோ அவ்வரிசைக்கு அப்பால், உறுதியான பழைய நிலத்தில் அமைந்துள்ளது. செலாயாங்கிலுள்ள வெந்நீரூற்றைக் கண்டு எரிமலை அருகிலுள்ளதோ என ஐயுறுவாரும் உளர். அது கருங்கற் பாறையின் பிளவுகளில் ஆழச் சென்ற மழைநீர் சூடேறித் திரும்புவதால் தோன்றுவதேயன்றி எரிமலையின் விளைவன்று.

ஆயினும் அக்கரையின் தீ இக்கரையைத் தீண்டாமல் விட்டதென்று கூறுவதற்கில்லை. சினாபுங்கிற்குத் தென்கிழக்கே தோபா ஏரி பரந்து கிடக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இவ்வேரி, உண்மையில் ஓர் எரிமலையின் வாய். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் அஃது ஒருமுறை வெடித்தபோது 2,800 கன கிலோமீட்டர் அளவிலான பாறைக்குழம்பு வெளிப்பட்டதாக அறிஞர் கணித்துள்ளனர். அதன் சாம்பல் வங்கக் கடலின் அடியிலும், ஆந்திரத்தின் கர்நூல் பகுதியிலுள்ள சுவாலாபுரத்திலும், பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும் காணப்பட்டுள்ளது. சிலாங்கூரின் செர்டாங்கிலும் கோலாலம்பூரை அடுத்த அம்பாங்கிலும் வண்டலினூடே அதே சாம்பற் படிவு கண்டறியப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய மண்ணும் அந்தப் பெருந்தீயின் சாட்சியைச் சுமந்திருந்தது எனலாம்.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று உண்டு. 1883 ஆகஸ்டு 27ஆம் நாள் சுந்தா நீரிணையில் கிரகத்துவா வெடித்தது. எழுந்த கடற்பேரலைகளால் 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வோசை 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரொட்ரிகஸ் தீவிலும் கேட்டது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் கதிரவன் பச்சை நிறமாகத் தோன்றியதை மக்கள் வியந்து நோக்கினர். வானில் பரவிய எரிமலைத் துகளே அதற்குக் காரணம்.

கலம் ஏறி வந்தோர்

தமிழர்க்கும் சுமத்திராவிற்கும் உள்ள தொடர்பைக் கூறப்புகுந்தால் முதற்கண் நினைவுக்கு வருவது முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பாகும். அவனுடைய தஞ்சைக் கல்வெட்டு சீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய பல ஊர்களை நிரலாகக் குறிப்பிடுகின்றது. இவற்றுள் பண்ணை சுமத்திராவின் கிழக்குக் கரையையும், இலாமுரி அதன் வடமுனையையும், மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளையும் குறிக்கும் என்பர். அக்கலங்கள் கடந்த அந்தமான் கடலிலேதான் இந்தியாவின் செயற்படும் எரிமலையான பாரன் தீவும் இருக்கிறது.

படையெடுத்தவர் மீண்டனர், வணிகர் தங்கினர். சுமத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் என்னுமிடத்தில், 1873ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் சகம் 1010, அஃதாவது கி.பி. 1088. பேராசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஐந்நூற்றுவர் என்னும் புகழ்வாய்ந்த வணிகக் குழுவினர், வாரோசு எனப்பட்ட அவ்வூரில் கூடி, அங்கு வரும் கலங்களின் தலைவர் முதலியோர் செலுத்தவேண்டிய வரியை வகுத்த செய்தியை அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது. கடல் கடந்த ஊரில் தமிழில் எழுதி நடுவதென்றால், அதைப் படித்தறிவோர் அங்கே போதிய அளவில் இருந்திருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை.

பாருஸ் புகழ்பெற்றது கற்பூரத்தால். உள்நாட்டுக் காடுகளில் வளரும் நெடுமரங்களின் வயிரத்தினுள்ளே விளையும் இக்கற்பூரம் உலகச் சந்தைகளிலெல்லாம் உயர்விலை பெற்றது. சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கிச் சொல்லுமிடத்தில் ‘வாறோசு’ என்பதும் ஒன்றாக வருகின்றது. இலக்கிய வகுப்பில் அப்பெயரைப் பொருளறியாது கடந்து செல்லும் மாணவருக்கு, அது நீரிணைக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரென ஆசிரியர் சுட்டினால் உரைநூலும் நிலநூலும் ஒருங்கே உயிர்பெறும்.

கிழக்குக் கரையில் இன்றைய மேடான் நகருக்கு அருகே கோத்தா சீனா என்னும் பழைய துறை இருந்தது. பதினொன்றாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை அது சிறப்புற்றிருந்தது. சீனப் பீங்கான்களுடன் தென்னிந்தியப் பாணியிலமைந்த புத்தர், திருமால் சிலைகளும் அங்குக் கிடைத்தன. பாருசும் கோத்தா சீனாவுமாகிய இவ்விரு துறைகளுக்கும் இடையே, உள்நாட்டில் உயர்ந்து நிற்பதே கரோ உயர்நிலம். கற்பூரமும் பிற காடுபடு பொருள்களும் தேடிய வணிகர் ஆற்றுவழிகளைப் பற்றி மேலேறியிருத்தல் வேண்டும் என்றும், துறைகள் நலிந்த காலத்து எஞ்சியோர் மலைநாட்டிலேயே தங்கிவிட்டனர் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர்.

பெயர் மட்டும் எஞ்சியது

கரோ மக்கள் ஐந்து பெருங்குலங்களாக வாழ்கின்றனர். கரோ-கரோ, கிந்திங், தாரிகான், பெராங்கின்-ஆங்கின், செம்பிரிங் என்பன அவை. இவற்றுள் செம்பிரிங் குலத்தின் கிளைப்பெயர்களே சோலியா, பண்டியா முதலாயின. கரோ மொழியில் ‘பிரிங்’ என்னும் ஒலி பயிலும் அச்சொல் கருமையைக் குறிக்கும். சோலியா என்பது சோழியர் என்பதையும், பண்டியா என்பது பாண்டியர் என்பதையும், பெலாவி என்பது பல்லவர் என்பதையும், மெலியாலா என்பது மலையாளம் என்பதையும் நினைவூட்டுவதாகப் பலர் எழுதியுள்ளனர். பிரம்மானாக் கிளையினர் தம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த ஓர் அந்தணர் என்று வழிவழியாகக் கூறிவருகின்றனர்.

பெயரோடு சில வழக்கங்களும் எஞ்சின. செம்பிரிங் குலத்தின் சில கிளையினர் இறந்தோரை எரித்து, எஞ்சியதைச் சிறு படகுகளில் இட்டு லாவ் பியாங் ஆற்றில் மிதக்கவிடும் வழக்கத்தை முற்காலத்தில் கொண்டிருந்தனர். கரோ நாட்காட்டியில் நாட்களின் பெயர்கள் ஆதித்தியா, சூமா, நங்காரா, புதகா, பெராஸ்பதி, சுக்கிரா எனத் தொடங்குகின்றன. ஞாயிறு முதல் வெள்ளி வரையிலான கோள்களின் வடமொழிப் பெயர்களே இவை என்பதை எவரும் உணர்வர். நீர்நிலைக்குச் சென்று எலுமிச்சை இனத்துக் கனிகளின் சாற்றால் தலை முழுகித் தீங்கு களையும் சடங்கொன்றும் அவர்களிடம் உண்டு. சிபாயாக் எரிமலையின் அடியிலுள்ள லாவ் டெபுக்-டெபுக் வெந்நீரூற்று இச்சடங்குக்குப் பேர்போனது. ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரையில் நீராடும் தமிழர்க்கு இச்செய்தி அயலாகத் தோன்றாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. ஒலி ஒத்திருக்கும் ஒவ்வொரு சொல்லும் உறவுக்குச் சான்றாகாது. வடமொழிச் சொற்கள் சாவகத்தின் வழியாகவும் வந்திருக்கலாம். குலப்பெயர்களைச் சூடிக்கொண்டோர் அனைவரும் தமிழ்க் குருதியினர் என்று கொள்வதும் முறையன்று. வலிமைவாய்ந்த வணிகரின் பெயரை உள்ளூர் மக்கள் ஏற்றுக்கொள்வதும், வந்தோர் உள்ளூரில் மணந்து கலந்துவிடுவதும் வரலாற்றில் எங்கும் நிகழ்வனவே. கரோ மக்கள் தமக்கென மொழியும் எழுத்தும் ஒழுகலாறும் உடைய தனி இனத்தவர். அவர்களைத் ‘தொலைந்துபோன தமிழர்’ என்று உரிமை கொண்டாடுவது, அவர்தம் பெருமையைக் குறைப்பதோடு நம் வரலாற்றறிவின் குறைபாட்டையும் காட்டும். தமிழ் வணிகர் அவ்வுயர்நிலத்தோடு உறவு கொண்டிருந்தனர் என்பது மட்டுமே உறுதியாகக் கூறத்தக்கது.

இக்கிளைப்பெயர்களுள் கெலிங் என்பதும் ஒன்று. நம் நாட்டில் இழிசொல்லாகக் கருதப்பட்டுத் தமிழர் மனத்தைப் புண்படுத்தும் அதே சொல், நீரிணையின் அக்கரையில் குலப்பெயராகத் தலைநிமிர்ந்து வழங்குகின்றது. சொல்லுக்குப் பெருமையையும் சிறுமையையும் தருவது அதனைச் சொல்வோரின் நோக்கமே என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சிபாயாக்கில் ஏறுவோர்

கரோ உயர்நிலத்தில் இரண்டு எரிமலைகள் உள்ளன. சினாபுங் 2,460 மீட்டர் உயரமுடையது. சிபாயாக் 2,212 மீட்டர். இரண்டிற்கும் அருகிலுள்ள பிராஸ்தகி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. டச்சுக்காரர் தம் ஆட்சிக்காலத்தில் அதனைக் குளிர்வாச நகரமாக வளர்த்தனர். எரிமலைச் சாம்பலால் வளம்பெற்ற அம்மண்ணில் விளைந்த காய்கறிகள் பெலாவான் துறைமுகம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நெடுங்காலம் ஏற்றுமதியாயின. கரோ நிலத்து முட்டைக்கோசை உண்டவர்கள், எரிமலையின் கொடையை அறியாமலே உண்டனர்.

கோலாலம்பூரிலிருந்து மேடானுக்கு வானூர்திப் பயணம் ஒருமணி நேர அளவினதே. ஆகவே, விடுமுறைக் காலத்தில் பிராஸ்தகிக்குச் செல்லும் மலேசியர் பலர். அவர்களுள் உடல்வலிமை மிக்கோர் சிபாயாக்கில் ஏறுவதுண்டு. கதிரவன் எழுவதை உச்சியிலிருந்து காணும் பொருட்டு, விடியுமுன்பே கைவிளக்குடன் புறப்படுவது வழக்கம். மூங்கிலும் பெரணியும் அடர்ந்த காட்டைக் கடந்ததும் மரங்கள் குறுகுகின்றன. பின்னர்ப் பாறையே எஞ்சுகின்றது. அழுகிய முட்டை போன்ற கந்தக நாற்றம் முதலில் வருகின்றது. ஓசை அடுத்து வருகின்றது. பாறைப் பிளவுகளிலிருந்து நீராவி சீறியெழும் அவ்வொலியைப் பழைய பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கேட்டால், இரயில் பணிமனையில் நின்ற நீராவி எந்திரங்களை நினைவுகூர்வர். பிளவுகளின் விளிம்பில் கந்தகம் மஞ்சள் பூசியது போல் படிந்திருக்கும். வாயின் நடுவே வெளிறிய சமதரை. அங்கே கற்களை அடுக்கித் தம் பெயரை எழுதிவிட்டு இறங்குவோர் உண்டு. மழையும் சேறும் அப்பெயர்களை விரைவில் அழித்துவிடும்.

வானம் தெளிந்திருந்தால் மேற்கே சினாபுங் தோன்றும். அதன் சரிவில் பச்சை நீங்கிய சாம்பல்நிறத் தடங்கள் நெடுங்கோடுகளாக இறங்கியிருக்கும். அழகில் ஆழ்ந்து நிற்போரின் உள்ளத்தில் அச்சத்தை எழுப்பக்கூடிய காட்சி அதுவே.

உறங்கிய மலையும் உயிரிழந்தோரும்

எரிமலைகளை இந்தோனேசிய ஆய்வாளர் வகைப்படுத்தியுள்ளனர். 1600ஆம் ஆண்டுக்குப் பின் வெடித்தவை முதல் வகையின. அதன்பின் வெடிக்காது ஆவி மட்டும் விடுபவை இரண்டாம் வகையின. சினாபுங் இரண்டாம் வகையில் இருந்தது. பல நூற்றாண்டுகளாக அஃது உறங்கியமையால் அதனைக் கூர்ந்து கண்காணிக்கும் தேவை எழவில்லை. சரிவுகளில் ஊர்கள் பெருகின. காப்பியும் ஆரஞ்சும் காய்கறியும் செழித்தன. 2010 ஆகஸ்டு இறுதியில் மலை விழித்தது. 2013 செப்டம்பர் முதல் மீண்டும் குமுறியது. 2014 பிப்ரவரி முதல் நாள், கொதிக்கும் சாம்பலும் ஆவியும் கலந்த பெருந்திரள் சரிவில் பாய்ந்து சுகாமெரியா என்னும் சிற்றூரை மூடியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் மலையை அருகிலிருந்து காணச் சென்ற மாணவரும் அவர்களுள் இருந்தனர். 2016 மே மாதத்தில் மேலும் எழுவர் உயிரிழந்தனர்.

குருகினாயான் என்பது சினாபுங்கின் அடிவாரத்து ஊர். செம்பிரிங் குலத்தின் கிளையொன்று அவ்வூரின் பெயரையே தன் பெயராகத் தாங்கியுள்ளது. அவ்வூர் மக்களும் வீடு வாசலை விட்டு வேற்றிடம் பெயர வேண்டியதாயிற்று. ஊர் அழிந்தாலும் பெயர் குலத்தோடு செல்கின்றது. முன்னோர் கடல் கடந்தபோது நிகழ்ந்ததும் அதுவே அன்றோ?

மேற்குச் சுமத்திராவிலுள்ள மராப்பி மலையின் கதையும் ஈண்டுக் கூறத்தக்கது. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்து மினாங்கபாவ் மக்களின் மூதாதையர் அம்மலையின் உச்சியிலிருந்து இறங்கி வந்தோர் என்பது அவர்தம் மரபு. அம்மலைப் பகுதியில் பதினான்காம் நூற்றாண்டில் ஆதித்தியவர்மன் என்னும் மன்னன் ஆண்டான். அவன் நீர்க்கால் வெட்டுவித்த செய்தியைக் கூறும் பண்டார் பாப்பகாட் கல்வெட்டுகளுள் ஒன்று தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் அமைந்துள்ளது. அத்துணைத் தொலைவிலும் தென்னகத்து எழுத்தறிவோர் இருந்தனர் என்பதற்கு அது சான்று. அதே மராப்பி, 2023 டிசம்பர் 3ஆம் நாள் திடீரென வெடித்தபோது 75 பேர் மலையில் ஏறியிருந்தனர். 24 பேர் மாண்டனர். இளைஞரும் மாணவருமே அவர்களுள் மிகுதி. வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் செல்லலாகாது என்று ஆய்வாளர் முன்னரே அறிவுறுத்தியிருந்தனர்.

மலையேற்றம் நல்லது, அஞ்சி வீட்டிலிருப்பது கல்வியன்று. ஆயினும், எரிமலை நாளையும் நேற்றைப் போலவே இருக்கும் என்று கருதுவது அறியாமை. கண்காணிப்பு நிலையத்தின் அறிவிப்பை அறிதல், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தல், பள்ளமான இடங்களில் நச்சாவி தேங்கும் என்பதை உணர்தல், மூடுபனி கவிந்தால் முன்னேறாது திரும்புதல் ஆகியன மலையேறுவோர்க்கு இன்றியமையாதவை. சிபாயாக்கின் காடுகளில் வழி தவறி உயிரிழந்தோரும் உளர். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இக்கடமை இரட்டிப்பாகும்.

இரு கரை, இரு விளைவு

பழைய வணிகர்க்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு தமிழர் கூட்டம் வட சுமத்திராவை அடைந்தது. 1863இல் நின்கைஸ் என்னும் டச்சுக்காரர் டெலியில் புகையிலைப் பயிரைத் தொடங்கினார். எரிமலை மண்ணில் விளைந்த அப்புகையிலை உலகப் புகழ் பெற்றது. தோட்டங்களுக்கும் சாலைப் பணிக்கும் தமிழரும் சென்றனர். மேடானில் அவர்கள் வாழ்ந்த பகுதி கம்போங் கெலிங் எனப்பட்டது. இன்று கம்போங் மெட்ராஸ் என வழங்குகிறது. 1884இல் எழுந்த மாரியம்மன் ஆலயம் அங்கே இன்றும் வழிபாட்டிலுள்ளது. திருவிழாக்கள் நடைபெறுகின்றன, தெய்வப் பெயர்கள் வழங்குகின்றன. ஆனால், இளந்தலைமுறையினரின் அன்றாட மொழி இந்தோனேசிய மொழியே.

ஏறக்குறைய அதே காலத்தில் இக்கரைக்கு வந்த தமிழரின் நிலை வேறாக அமைந்தது. இங்கும் வறுமை இருந்தது, கங்காணிமுறை இருந்தது, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் காப்பார், கிள்ளான் தோட்டப்புறங்களிலும் உழைப்பின் சுமை குறைந்திருக்கவில்லை. ஆயினும் தமிழ் நிலைத்தது. மக்கள் தொகை ஒரு காரணம். தமிழகத்தோடு அறாத தொடர்பு மற்றொரு காரணம். அக்கரையிலோ தோட்ட முதலாளிகள் சீனரையும் பின்னர்ச் சாவகத்தாரையும் பெருமளவில் கொணர்ந்தமையால் தமிழர் தொகை பெருகவில்லை. இவற்றோடு கருதத்தக்க மூன்றாவது காரணம் பள்ளிக்கூடம். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பு ஒரு வித்து. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் உள்ள தோட்டங்களில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகைப் பள்ளிகளாகவும் ஓராசிரியர் பள்ளிகளாகவும் அவை தொடங்கின. குறைகள் மலிந்திருந்தும் அவை மொழியைக் காத்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இந்நாட்டில் இயங்குவது அத்தொடக்கத்தின் தொடர்ச்சியே.

இவ்விரு கரைகளையும் கரோ உயர்நிலத்தையும் ஒருங்கே நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஐந்நூற்றுவர் செல்வத்திற் குறைந்தவரல்லர். கல்வெட்டுப் பொறிக்கும் ஆற்றலும், கலங்கட்கு வரி விதிக்கும் அதிகாரமும் அவர்கட்கு இருந்தன. அவர்தம் வழியினர் என்று கருதப்படுவோரிடம் இன்று எஞ்சியிருப்பன சில குலப்பெயர்களே. கூலிகளாக வந்து, கையெழுத்திடவும் அறியாதிருந்தோரின் பேரப்பிள்ளைகளோ இக்கரையில் தமிழில் எழுதுகின்றனர், நூல் வெளியிடுகின்றனர். செல்வம் காக்காத மொழியை வகுப்பறை காத்தது.

ஆனால், இதனைக் கூறிப் பெருமிதம் கொள்வதோடு நிற்பது பேதைமை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், பல தோட்டப்புறப் பள்ளிகளில் மாணவர் தொகை அருகிவிட்டது. வீட்டிலே தமிழ் பேசாத பிள்ளைகள் பெருகி வருகின்றனர். பெயரில் மட்டும் தமிழ் இருந்தால் போதும் என்னும் நிலை எங்குச் சென்று முடியும் என்பதைக் கரோ மலைநாடு காட்டுகின்றது. சோலியா என்னும் பெயரைத் தாங்கிய பிள்ளைக்குச் சோழன் யாரென்று அறியவேண்டிய கடமை இல்லை. அப்பிள்ளை கரோ மொழியின் பிள்ளை. தமிழ்ப் பெயர் தாங்கித் தமிழ்ப் பெற்றோரிடம் வளரும் நம் பிள்ளைகளின் நிலை அத்தகையதன்று.

பல நூற்றாண்டுகள் உறங்கிய சினாபுங் ஒருநாள் விழித்தது. அதன் அடியிலே தீ அணையாதிருந்தமையே காரணம். மறக்கப்பட்ட மொழிக்கு அத்தகைய அடித்தீ இல்லை; ஒரு தலைமுறை அதனைப் பேசாதுவிட்டால், பின்னர் எத்தனை நூற்றாண்டு காத்திருப்பினும் அது தானே எழுவதில்லை. அடுத்த தலைமுறைக்கு அத்தீயை ஏற்றிவைக்கும் பணி நாள்தோறும் காலையில் வகுப்பறைக் கதவைத் திறக்கும் ஆசிரியரிடத்தும், மாலையில் பிள்ளையிடம் தமிழில் பேசும் பெற்றோரிடத்தும் உள்ளது.